வராதவருக்குத் தண்டம்: கொரோனாக் காலத்தில் ஒரு மாதர் சங்கம் கூடிய விதம்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே போனால் கரையோரக் கிராமங்கள் வரிசையாக வரும். அவற்றில் ஒன்றில் இயங்கும் மாதர் சங்கத்தைப் பற்றியது இந்த ஆய்வு. மாதாமாதம் சேமிப்பதும், சேர்ந்த காசைச் சுற்றுக் கடனாகக் கொடுப்பதும் அதன் முதன்மையான வேலை. உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள். இடியப்பம் அவித்து விற்பவர்கள், கருவாடு போடுபவர்கள், வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர்கள். பக்கத்து ஊர் முஸ்லிம் பெண்கள் சிலரும் நெடுங்காலமாக அதில் இருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் நின்றுபோன கூட்டங்களை இந்தச் சங்கம் எப்படித் திரும்பத் தொடங்கியது, எதையெல்லாம் மாற்றியது, எது உதவியது, எது வெறும் அலைச்சலாக முடிந்தது என்பதை அங்கே களப் பணியாளராக இருந்து பார்த்தேன். ஊரின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் எழுதவில்லை. நோய் வந்த வீடுகளை அயல் எப்படிப் பார்த்தது என்பதை அந்தப் பெண்கள் இன்னும் மறக்கவில்லை.

நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கத்துக்குப் பெரிய ஆபத்து, அதன் யாப்பிலேயே, அதாவது சங்க விதிகளிலேயே, இருந்த ஒரு வரியில்தான் இருந்தது. கூட்டத்துக்கு வராதவர் தண்டம் கட்ட வேண்டும் என்பது அந்த வரி.

கூட்டத்தில் என்ன நடக்கும்

ஊரின் பொதுநோக்கு மண்டபம் நீளமான ஒற்றை அறை. ஜன்னல்கள் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கச் சுவருக்கு அப்பால் முன்பள்ளி. பின்கதவு இருக்கிறது, ஆனால் பழைய திட்டமொன்றில் வந்த உடைந்த கதிரைகளை அதற்கு முன்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். பாய் விரித்து, வட்டமாக, முழங்காலோடு முழங்கால் உரச உட்காருவார்கள்.

செயலாளர் சென்ற கூட்ட அறிக்கையை வாசிப்பார். அப்புறம் பொருளாளர் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் எழுந்து போய்க் காசையும் பாஸ்புத்தகத்தையும் வைப்பார். தொகையைப் பொருளாளர் உரத்துச் சொல்வார், வைத்தவரும் திருப்பி உரத்துச் சொல்வார். பிறகு கடன் விண்ணப்பங்கள். யாருக்கு, எதற்கு, பிணை யார் என்று பேச்சு சூடாகும். இரண்டு மணி நேரம் எளிதாக ஓடிவிடும். கடைசியில் தேத்தண்ணியும் அவித்த கடலையும்.

அந்த உரத்துச் சொல்லுதலைச் சும்மா சத்தம் என்று நினைக்கக் கூடாது. எழுத வாசிக்கச் சிரமப்படுகிற உறுப்பினர்கள் அங்கே உண்டு. எல்லார் காதிலும் விழுந்த தொகைதான் அவர்களுக்குக் கணக்கு. ரசீதை விட அதைத்தான் நம்பினார்கள். ஆனால் மூச்சுக்காற்றால் பரவும் நோய்க்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. அடைத்த அறை, நெருங்கிய இருக்கை, நீண்ட நேரம், உரத்த பேச்சு. உரத்துப் பேசும்போது வாயிலிருந்து வெளிவரும் நுண்துளிகள், மெதுவாகப் பேசும்போது வருவதை விடப் பல மடங்கு அதிகம்.

நிறுத்தியதன் விலை

இலங்கையில் உள்ளூர்வாசி ஒருவருக்குக் கொரோனா இருப்பது 2020 மார்ச் 11 அன்று உறுதியானது. 20ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு. கூட்டம் தானாகவே நின்றது. அந்த நேரத்தில் அது சரியான முடிவுதான்.

ஆனால் நின்ற மாதங்களில் கடன் தேவை நிற்கவில்லை. மீன் விற்க வழியில்லை, அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாய் எத்தனை நாளைக்கு? நகை அடகுக்குப் போனது. சிலர் நாள் வட்டிக்கு வாங்கினார்கள். சங்கத்தின் பெட்டியில் காசு இருந்தது. கூட்டம் கூடாமல் அதைத் தொட முடியாது. இதற்கிடையில் பொருளாளர் தன் சொந்தக்காரருக்கு இரகசியமாகக் கடன் கொடுத்துவிட்டார் என்ற கதை வேறு. அது பொய். ஆனால் உரத்துச் சொல்லும் கணக்கு நின்றுபோன இடத்தில் அந்தக் கதை சுலபமாக முளைத்தது. வேலி ஓரம் நின்று ஒரு வயதான உறுப்பினர் பொருளாளரிடம் கேட்டார்: “பிள்ளை, என்ட காசு பத்திரமா இருக்குதுதானே?”

நோய்க்காலத்தில் கூட்டம் கூடுவதைப் பற்றி எழுதுபவர்கள் பலர் கூடுவதன் ஆபத்தை மட்டுமே கணக்கிடுகிறார்கள். கூடாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை ஏழை வீடுகள்தான் கொடுக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காமல் எடுக்கும் முடிவு நியாயமாக இருக்காது.

கழுவித் துடைத்த ஜூலை

ஜூன் இறுதியில் ஊரடங்கு முழுதாக நீங்கியதும் மண்டபத்திலேயே கூட்டம் தொடங்கியது. வாசலில் குழாய் பூட்டிய பீப்பா, சவர்க்காரம், நெற்றியில் காட்டும் வெப்பமானி. தரையைக் குளோரின் தண்ணீரால் கழுவினார்கள். பாஸ்புத்தகங்களுக்குக்கூட மருந்து தெளித்தார்கள். மை கரைந்து சிலரின் ஏப்ரலுக்கு முந்தைய பதிவுகள் நீலக் கறையாகிவிட்டன. ஆளுக்கொரு பேனை கொண்டுவரச் சொன்னார்கள். பின்கதவின் கதிரைகளை மட்டும் யாரும் தொடவில்லை.

ஏன் இப்படி? திருகோணமலைக்காரருக்குத் தொற்று என்றால் நினைவுக்கு வருவது டெங்கு. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கும் அதிகமான டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். அந்த ஆண்டின் முதல் மாதங்களில் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியா டெங்கால் பட்ட பாட்டை இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அப்போது எல்லாரும் கூடிச் சிரமதானம் செய்ததுதான் மருந்து. தேங்காய்ச் சிரட்டை, டயர், கிணற்றடி என்று சுத்தம் செய்தோம். கூடுவதால் டெங்கு பரவாது, நுளம்புதான் பரப்பும். அந்தப் பழக்கத்தில், கொரோனா வந்ததும் கைகள் தானாகவே விளக்குமாற்றைத் தேடின. நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த நோயின் பாதை வேறு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழுவின் ஒத்திகை நடந்தது. இரண்டரை மணி நேரம், 61 பேர். கைகொடுக்காமல், கட்டியணைக்காமல் கவனமாகவே இருந்தார்கள். ஆனாலும் 53 பேருக்கு நோய் வந்தது. அவற்றில் 33 பரிசோதனையில் உறுதியானவை, மற்றவை அறிகுறிகளை வைத்துக் கணித்தவை. இருவர் இறந்தார்கள். அந்த ஒத்திகைக்கும் நம் மண்டபத்துக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று பார்த்தால் வயிற்றைக் கலக்கும். தொட்ட பொருள் வழியாகத் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2021 ஏப்ரலில் சொன்னது. அதற்குள் எத்தனை பாஸ்புத்தகங்கள் பாழாகிவிட்டன.

வெப்பமானியும் அப்படித்தான். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே கொரோனா மற்றவருக்குத் தொற்றும். நெற்றியில் காட்டி “சரி, உள்ள போங்க” என்று விட்டதில் கிடைத்த நிம்மதிக்கு உண்மையில் பெரிய ஆதாரம் இருக்கவில்லை.

ஊதுபத்தி காட்டிய வழி

2020 ஒக்டோபரில் கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தையில் தொற்று பரவியதும் நிலைமை தலைகீழானது. மீனைத் தொடவே சனம் பயந்தது. நவம்பரில் முன்னாள் அமைச்சர் ஒருவர் ஊடகங்களுக்கு முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டி, மீன் சாப்பிடுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. கரையில் விலை விழுந்தது. சங்கக் கடன் முன்னெப்போதையும் விட அவசியமான நேரத்தில், மண்டபத்துக்குள் கூட வேண்டாம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னார். திறந்த வெளியில், அப்போதைய எண்ணிக்கை வரம்புக்குள் என்றால் ஆட்சேபம் இல்லை என்றார்.

பெண்களுக்கு அது விளங்கவில்லை. வெயிலில் ஏன் உட்கார வேண்டும், உள்ளே மின்விசிறி இருக்கிறதே? செயலாளர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி மண்டபத்தின் நடுவில் வைத்தார். மின்விசிறி இல்லாமல் புகை நேரே மேலே போய்க் கூரையின் கீழ் பரவி நின்றது. விசிறியைப் போட்டதும் புகை கண்ணுக்கு மறைந்தது, ஆனால் வாசம் அறையின் நான்கு மூலைக்கும் வந்துவிட்டது. ஊதுபத்தியை அணைத்து நெடுநேரம் ஆகியும் போகவில்லை. அப்புறம் நாலு பேர் சேர்ந்து கதிரைகளை இழுத்துப் போட்டுப் பின்கதவைத் திறந்தார்கள். வாசல் வழியாக வந்த காற்று பின்கதவால் வெளியேற, கொஞ்ச நேரத்தில் வாசம் குறைந்தது. விசிறி உள்ளே இருக்கிற காற்றைக் கலக்குமே தவிரப் புதுக்காற்றைக் கொண்டுவராது என்பதை அதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. செலவு ஒரு ஊதுபத்தி. எந்த ஊரிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் மண்டபத்து வளவின் வேப்பமரத்தடியில் கூடினார்கள். ஆனால் அது வாடைக்காற்றும் மழையும் தொடங்கும் காலம். நவம்பர் முதல் ஜனவரி வரை இந்தக் கரையில் திறந்த வெளியை நம்ப முடியாது. கடைசியில் கிடைத்தது மீனவர் சங்கத்தின் வலை திருத்தும் கொட்டகை. மேலே கூரை, கீழே தூண்கள், சுவர் இல்லை. ஆண்கள் காலையில் கடலால் வந்து வலை பார்த்து முடித்துவிடுவார்கள் என்பதால் பின்னேரம் இடம் சும்மா கிடந்தது. கேட்டதும் கொடுத்தார்கள். மீன் நாற்றம் இருந்தது உண்மை, பெண்கள் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இன்னொரு சிக்கல் எதிர்பாராதது. முகக்கவசமும் கடல் இரைச்சலும் சேர்ந்தால் ஒன்றும் கேட்காது. கேட்காவிட்டால் ஆட்கள் செய்வது இரண்டு: கத்துவார்கள், அல்லது கவசத்தைக் கீழே இறக்கிக்கொண்டு கிட்ட வருவார்கள். இரண்டும் நாம் தவிர்க்க நினைத்ததேதான். காது மந்தமான ஓர் அம்மம்மா உதட்டைப் பார்த்துத்தான் இத்தனை வருடமும் கூட்டத்தைப் புரிந்துகொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. மீனவர் சங்கத்தின் கையடக்க ஒலிபெருக்கியை இரவல் வாங்கிச் செயலாளர் மட்டும் அதில் மெதுவாகப் பேசினார். அம்மம்மாவுக்காக முக்கியமான தொகைகளைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் காட்டினார்கள். அந்த அட்டை பிறகு எல்லாருக்கும் பிடித்துப்போனது.

தேத்தண்ணி நின்றது. கூட்டம் முழுக்கக் கவசம் போட்டிருந்துவிட்டுக் கடைசி இருபது நிமிடம் கழற்றிவிட்டு வட்டமாக நின்று சிரித்துக் கதைத்தால் முன் செய்ததெல்லாம் எதற்கு? கடலையைச் சுருளில் கட்டி வீட்டுக்குக் கொடுத்தார்கள்.

சிலர் காதில் விழுந்தால் போதாது

எண்ணிக்கை வரம்பு இறுகியபோது, ஏற்கனவே இருந்த ஐந்து பேர் கொண்ட சிறுகுழுக்கள் கை கொடுத்தன. குழுத் தலைவியின் திண்ணையில் அந்த ஐவரும் காசைக் கட்டுவார்கள். தலைவிகள் மட்டும் கொட்டகைக்கு வருவார்கள். இரண்டு மணி நேரம் முக்கால் மணி நேரமாகக் குறைந்தது.

பாதுகாப்பாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டாவது மாதமே சந்தேகம் திரும்பி வந்தது. கணக்கு எல்லார் காதிலும் விழவில்லையே. அப்போது இளைய உறுப்பினர் ஒருத்தி சொன்ன யோசனைதான் இந்த ஆய்வில் நான் மிகவும் மதிக்கிற விஷயம். பொருளாளர் கொட்டகையிலிருந்து வீடு போனதும், தனியாக உட்கார்ந்து, ஒவ்வொருவரின் பெயரையும் தொகையையும் வாசித்து வட்ஸ்அப் குரல்பதிவாக அனுப்ப வேண்டும். கூடவே பேரேட்டுப் பக்கத்தின் படம். ஃபோன் இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி வேலியில் வைத்துப் போட்டுக் காட்டுவாள். யாராவது “என்ட தொகை பிழை” என்றால் இரண்டு நாளைக்குள் சொல்ல வேண்டும். உரத்துச் சொல்லும் வழக்கம் அப்படியே இருந்தது, மூச்சு மட்டும் ஓரிடத்தில் சேரவில்லை.

முழுக் கூட்டத்தையும் ஃபோனிலேயே நடத்தலாமே என்று நகரத்திலிருந்து ஆலோசனை வந்தது. அது இங்கே சரிவராது. ஒரு வீட்டில் ஒரு ஃபோன், அதுவும் கணவரோடு கடலுக்குப் போயிருக்கும். கடன் பற்றிய வாக்குவாதத்தை வீட்டு ஆண்கள் பக்கத்தில் இருக்க எந்தப் பெண்ணும் மனம் திறந்து செய்ய மாட்டாள். கணக்கு ஃபோனுக்குப் போகலாம், பிணையும் தகராறும் ஆட்கள் முகம் பார்த்துப் பேச வேண்டியவை.

தண்டம்

யாப்பின்படி காரணம் சொல்லாமல் வராதவர் 50 ரூபாய் கட்ட வேண்டும். காரணம் சொன்னாலும், அன்றைய கூட்டத்தில் இல்லாதவருக்கு அன்று கடன் கிடையாது. தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் கடன் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். சாதாரணக் காலத்தில் இந்த விதி சங்கத்தைக் காப்பாற்றியது. எத்தனையோ சங்கங்கள் ஆள் வராமலே செத்துப்போனதைப் பார்த்தவர்கள் எழுதிய விதி அது.

நவம்பரில் ஒரு கூட்டத்தில் கருவாடு போடும் ஓர் அக்கா ஓரமாக, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருமலை அடக்குவது தோளில் தெரிந்தது. கூட்டம் முடிந்து தனியாகக் கேட்டபோது, மூன்று நாளாகத் தடிமன், இரவில் காய்ச்சல் என்றார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

“இந்தமுறை கடன் எனக்குத்தான், மிஸ், வர இருந்தது. வராட்டி அடுத்தவக்குப் போயிரும். மீனும் விலை போகல்ல.”

அவருக்குச் செய்த பரிசோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. ஆனால் அவர் சொன்ன கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. பீப்பாவும் வெப்பமானியும் கவசமும் வைத்த நாங்கள், காய்ச்சலோடு வருபவருக்குப் பரிசும் வீட்டில் நிற்பவருக்குத் தண்டனையும் கொடுக்கும் விதியை அப்படியே விட்டிருந்தோம். இப்படி ஒரு விதி இருக்கும் வரை “சுகமில்லாவிட்டால் வராதீர்கள்” என்ற அறிவித்தல் சுவரில் ஒட்டிய காகிதம் மட்டும்தான்.

விதியை மாற்ற எளிதில் உடன்பாடு வரவில்லை. பொருளாளர் கடைசிவரை எதிர்த்தார். “தண்டம் இல்லாட்டி ஒருத்தரும் வரமாட்டாங்க. பிறகு சங்கமும் இல்ல.” அவருடைய பயம் நியாயமானது. முடிவில் ஒத்துக்கொண்டது இது: வராதவர் தன் காசையும் புத்தகத்தையும் குழுவில் ஒருவரிடம் கொடுத்தனுப்பினால் வந்ததாகவே கணக்கு. கடன் முறை வந்தவர் வராவிட்டாலும் அவருடைய முறை அவருடையதே, பிணைக்காரர் இருவரும் அவர் சார்பில் பேசலாம். வராத காரணத்தை யாரும் கேட்கக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தில் முஸ்லிம் உறுப்பினர்கள் உறுதியாக நின்றார்கள். கொரோனாவால் இறந்தவர்களைத் தகனம் செய்தே ஆக வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி இறுதிவரை இருந்தது. காய்ச்சல் என்று வாயைத் திறந்தால் அது எங்கே போய் முடியுமோ என்ற பயத்தில் அந்த வீடுகள் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியிருந்தும் நீடித்த அந்த விதி, மக்கள் நோயை மறைக்கக் காரணமானது என்றே நினைக்கிறேன். தமிழ் வீடுகளுக்கும் வேறு பயம் இருந்தது. வாசலில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினால் இரண்டு வாரத்துக்கு உழைப்பு இல்லை, இடியப்பம் வாங்க ஆளும் வராது. “ஏன் வரவில்லை” என்ற கேள்வி இல்லாதபோதுதான் ஆட்கள் உண்மையாகவே வீட்டில் நின்றார்கள்.

மாற்றிய பிறகு வருகை குறைந்தது. காசு குறையவில்லை.

ஓகஸ்ட் 2021

கொரோனாவின் டெல்டா திரிபு பரவிக்கொண்டிருந்த நேரம், 20ஆம் தேதி நாடு மீண்டும் மூடப்படுவதற்குச் சில நாள் முன்பு, குழுத் தலைவிகளில் ஒருவருக்கு அன்டிஜன் பரிசோதனையில் தொற்று உறுதியானது. இரண்டு நாள் முன்புதான் கொட்டகைக் கூட்டத்தில் இருந்தவர். அப்போது அவருக்கு ஒன்றுமே இல்லை.

செயலாளரிடம் அன்றைய இருக்கை வரைபடம் இருந்தது. தூண்களை வைத்துக் கீறிய சாதாரணப் படம்தான், யார் எந்தத் தூணடியில் என்று. அதைப் பரிசோதகருக்கு ஃபோனில் அனுப்பியதும் யாரோடு எவ்வளவு நேரம் என்ற விசாரணை சீக்கிரம் முடிந்தது. அந்தத் தலைவியின் திண்ணையில் காசு கட்டிய நால்வரில் ஒருவருக்குப் பிறகு தொற்று வந்தது. கொட்டகையில் இருந்த மற்றத் தலைவிகள் எவருக்கும் அடுத்த இரண்டு வாரத்தில் அறிகுறி இல்லை. இதை வைத்துக் கொட்டகை காப்பாற்றியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பலர் தடுப்பூசி போட்டிருந்தார்கள், எல்லாரையும் பரிசோதிக்கவும் இல்லை. ஆனால் திண்ணைக் கூடுகையை நாங்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது தெரிந்தது. மூன்று பக்கம் படங்கு தொங்கும் ஒடுங்கிய திண்ணை, நெருங்கிய சொந்தக்காரர்கள், கவசம் இல்லை. பெரிய கூட்டத்தைச் சிறிதாக்கினால் ஆபத்து தானாகக் குறையும் என்று நம்பியிருந்தோம். அதற்குப் பிறகு திண்ணைக்குப் பதில் முற்றத்தில், ஒருவர் பின் ஒருவராகக் காசு கட்டினார்கள்.

நோயுற்ற தலைவியின் வீட்டுக்குச் சங்கம் அரிசி, பருப்பு, மரக்கறி கொண்டுபோய் வேலியில் வைத்தது. அவர் குணமாகி வந்த பிறகு நடந்த முதல் கூட்டத்தில், வழக்கம்போல் அவருக்குப் பக்கத்துத் தூணில் பொருளாளர் போய் உட்கார்ந்தார். எல்லாரும் பார்க்கும்படியே உட்கார்ந்தார்.

விதி இப்போது

2022இல் மண்ணெண்ணெய் தட்டுப்பாட்டில் படகுகள் கரையில் கிடந்தபோது, தவணை தவறியவர்கள் கூட்டத்துக்கே வராமல் ஒளித்தார்கள். பொருளாளர் தண்டத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். இந்த முறை அவர் பக்கம் பலர் இருந்தார்கள். நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரு நடுவழி கண்டார்கள். கூட்டத்துக்கு முன் ஒரு சொல் அனுப்பினால், அது ஆள் வழியாகவோ குரல்பதிவாகவோ இருந்தாலும், தண்டம் இல்லை. ஒரு சொல்லும் அனுப்பாமல் நின்றால் 100 ரூபாய். காரணம் கேட்கக் கூடாது என்ற வரி அப்படியே இருக்கிறது. தவணை தவறியவர்களைப் பற்றித் தனியாகப் பேசுவதற்கு மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அன்றே தெரிந்தெடுத்தார்கள். கருவாடு போடும் அந்த அக்காவும் அதில் ஒருவர்.